கேட்டது கிடைக்காவிட்டால் ஏன் நொறுங்கிப்போகிறார்கள்?

"இப்போதைய பிள்ளைகளுக்கு எல்லாமே தங்களுக்கு வந்து சேரவேண்டியது என்ற நினைப்பு. ஆனால் ஒரு 'இல்லை'யைத் தாங்கத் தெரியவில்லை. இது எங்கள் வளர்ப்பின் கோளாறா, போன் செய்த வேலையா, காலம் கெட்டுப்போனதா? இனிமேல் சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் பதினைந்து வயதில் ஒருவன், வேலைக்குப் போகும் இருபத்து மூன்று வயதில் ஒருவன் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். வளரிளம் பிள்ளைகளோடும் அவர்களைப் பெற்றவர்களோடும் பேசுவதுதான் என் தொழில். அதனால் பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இரண்டு குறைகளைப் பார்க்கிறீர்கள். எனக்கு அவை ஒரே குறையின் இரண்டு முகங்களாகத்தான் தெரிகின்றன. கேட்டது கிடைத்தே ஆகவேண்டும் என்ற பிடிவாதம், கிடைக்காதபோது நொறுங்கிப்போவது இரண்டுக்கும் வேர் ஒன்று. தான் செய்வதற்கும் தனக்கு நடப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை அந்தப் பிள்ளை போதிய அளவு அனுபவித்துப் பார்க்கவில்லை. அது ஏன் என்று சொல்வதற்கு முன், காலம் கெட்டுப்போன கதையை முடித்துவிடுவோம்.

அந்தப் புலம்பலுக்கு வயது அதிகம். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டில் இளைஞர்களைப் பற்றி எழுதும்போது, ஆசையை அடக்கத் தெரியாதவர்கள், சட்டென்று கோபப்படுகிறவர்கள், எல்லாம் தெரியும் என்று நினைக்கிறவர்கள், எதையும் அளவுக்கு மீறிச் செய்கிறவர்கள் என்று அடுக்கினார். அதே இடத்தில் அவர்கள் துணிச்சல்காரர்கள், நம்பிக்கை நிறைந்தவர்கள் என்றும் சொன்னார். அதை மட்டும் யாரும் எடுத்துக்காட்டுவதில்லை. "இன்றைய பிள்ளைகள் சொகுசுப் பிரியர்கள், பெரியவர்களை மதிப்பதில்லை" என்று சாக்ரடீஸ் பெயரில் வாட்ஸாப்பில் சுற்றுகிறதே, அது சாக்ரடீஸ் சொன்னதே அல்ல. கென்னத் ஜான் ஃப்ரீமன் என்பவர் பழைய கிரேக்கர்களின் குறைகளைத் தன் வார்த்தையில் தொகுத்து எழுதியது. 1907இல் வெளிவந்த ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வேட்டில் இருக்கிறது.

ஜான் ப்ரோட்ஸ்கோ, ஜோனதன் ஸ்கூலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2019இல் இந்தப் புலம்பலையே ஆராய்ந்தார்கள். பெரியவர்களுக்கு அடங்கி நடப்பதை உயர்வாக நினைக்கிறவர்கள், இன்றைய பிள்ளைகளுக்கு மரியாதை குறைந்துவிட்டது என்று அதிகம் சொன்னார்கள். நிறையப் படிக்கிறவர்கள், பிள்ளைகளுக்குப் படிப்பதில் விருப்பம் போய்விட்டது என்று சொன்னார்கள். நமக்கு எது கைவந்திருக்கிறதோ அதுதான் அடுத்தவனிடம் குறைவாகத் தெரிகிறது. போதாததற்கு, இன்றைக்கு நாம் இருக்கும் நிலையை நம்முடைய பழைய தலைமுறை முழுவதற்கும் ஏற்றிச் சொல்லிவிடுகிறோம்.

ஒரு மிட்டாயை முன்னால் வைத்து, "கொஞ்சநேரம் தொடாமல் இருந்தால் இரண்டு தருகிறேன்" என்று சொல்லும் சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1960களின் குழந்தைகளையும் 2000களின் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தக் காலக் குழந்தைகள் சராசரியாக இரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தார்கள். பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலானவர்கள் இதற்கு நேர்மாறாகத்தான் ஊகித்திருந்தார்கள். ஆகவே "நாங்களெல்லாம் அப்படியா வளர்ந்தோம்" என்று யார் சொன்னாலும், நான் உட்பட, பாதியைக் கழித்துவிட்டுக் கேளுங்கள்.

சரி, அப்படியானால் எதுவுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது.

தற்பெருமையை அளக்கும் ஒரு கேள்வித்தாளை அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவருகிறார்கள். 1979 முதல் 2006 வரை மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது என்று ஜீன் டுவெங்கியும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் எழுதினார்கள். "தற்பெருமைத் தலைமுறை" என்ற பேச்சு அங்கிருந்துதான் ஊரெல்லாம் பரவியது. 2017இல் வேறொரு குழு அதை மறுத்தது. 1990களிலிருந்து 2010கள் வரை அது இறங்கியிருக்கிறது என்றது. பிறகு டுவெங்கியின் குழுவே, 2008 பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு அந்த மதிப்பெண் குறைந்ததைக் காட்டியது. ஏறியது பரவிய வேகத்தில் இறங்கியது பரவவில்லை, அவ்வளவுதான்.

உண்மையில் ஏறியிருப்பது வேறொன்று. தாமஸ் கரன், ஆண்ட்ரூ ஹில் இருவரும் 1989 முதல் 2016 வரை அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மூன்று நாடுகளிலும் சேர்த்து 41,641 கல்லூரி மாணவர்களின் விடைகளைத் தொகுத்தார்கள். "நான் பிசகே இல்லாமல் இருக்கவேண்டும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்கிறார்கள்" என்ற உணர்வு 33 சதவீதம் கூடியிருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு உங்கள் பதினைந்து வயதுக்காரனை ஒரு முறை பாருங்கள். மதிப்பெண் குறைந்ததற்கு ஆசிரியரைத் திட்டுகிறான், கதவை அறைந்து சாத்துகிறான், வினாத்தாளே சரியில்லை என்கிறான். வெளியிலிருந்து பார்த்தால் திமிர். அருகில் உட்கார்ந்து பேசினால் பெரும்பாலும் பயம். குறை தன் மேல் விழுந்தால் தனக்கு மதிப்பே போய்விடும் என்று நினைக்கிறவன்தான் அந்தக் குறையை அவ்வளவு வேகமாக அடுத்தவர் தலையில் தள்ளுகிறான்.

எல்லோருமே பயந்தவர்கள் என்று சொல்லவில்லை. எல்லாம் தனக்கே உரியது என்று உண்மையிலேயே நினைக்கிற அசல் ரகமும் உண்டு. அதை அளக்கும் ஒரு கேள்வித்தாளில் இப்படி ஒரு வாக்கியம் வரும்: "நான் டைட்டானிக் கப்பலில் இருந்திருந்தால், முதல் உயிர்காக்கும் படகில் எனக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும்!" ஒத்துக்கொள்கிறீர்களா, இல்லையா என்று குறிக்கச் சொல்வார்கள். தயங்காமல் ஒத்துக்கொள்கிறவர்கள் எல்லா வயதிலும் இருக்கிறார்கள். வரிசையில் நிற்கமாட்டேன் என்று சத்தம் போடுகிற அறுபது வயதுக்காரரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொன்றையும் பிரித்துவைக்க வேண்டும். நியாயமாகக் கேட்பதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். உங்கள் பெரிய மகன் விடுமுறை நாளில் அலுவலக அழைப்பை எடுக்கமாட்டேன் என்கிறான், எழுதிக்கொடுத்த வேலைக்கு மேல் செய்யச் சொன்னால் சம்பளத்தைக் கேட்கிறான் என்று குறைப்பட்டிருந்தீர்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. நாம் கேட்கப் பயந்ததை அவன் கேட்கிறான். ஒருவன் கேட்பது சரியா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: தனக்குக் கேட்பதை, தன்னைப்போலவே இருக்கும் இன்னொருவருக்கும் தர அவன் ஒத்துக்கொள்வானா? ஒத்துக்கொண்டால் அது உரிமை. தனக்கு மட்டும் விதிவிலக்கு வேண்டும் என்றால்தான் நீங்கள் சொல்லும் வியாதி. விடுமுறை நாளில் அழைக்காதே என்பவன், தன் கீழ் வேலை செய்கிறவரையும் விடுமுறை நாளில் அழைக்காமல் இருக்கிறானா என்று பாருங்கள்.

இப்போது வேருக்கு வருகிறேன்.

1967இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் என்ற இரண்டு இளம் உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்றைக்கு அனுமதிக்கமாட்டார்கள், கொடுமையான சோதனைதான். என்ன செய்தாலும் நிற்காத மின்அதிர்ச்சிக்கு ஆளான நாய்கள், பிறகு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்ற நிலையிலும் பல முயலாமல் படுத்துவிட்டன. இயலாமையை அவை கற்றுக்கொண்டன என்று முடிவு சொன்னார்கள். பாடப்புத்தகங்கள் எல்லாவற்றிலும் அது ஏறிவிட்டது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு கழித்து, 2016இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் முடிவையே திருப்பிப்போட்டார்கள். நீண்ட துன்பத்தில் சோர்ந்து படுப்பதுதான் மூளையின் இயல்பு, அதைக் கற்கவேண்டியதில்லை. கற்கவேண்டியது "நான் ஏதாவது செய்தால் இது மாறும்" என்பதைத்தான். அதைக் கற்றுக்கொண்ட மூளையில் நெற்றிப் பக்கத்துப் பகுதி அந்தச் சோர்வை அடக்கிவைக்கிறது என்றார்கள்.

நம் பேச்சுக்கு இதில் முக்கியமான இடம் எது தெரியுமா? என்ன செய்தாலும் அடி விழுகிற வீட்டில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பாடம் கிடைக்காது என்பது எல்லோருக்கும் புரியும். எதுவும் செய்யாமலே எல்லாம் வந்துசேர்கிற வீட்டிலும் அது கிடைக்காது. இரண்டு வீட்டிலும் அறுந்துபோவது ஒன்றுதான், செய்கைக்கும் விளைவுக்கும் நடுவே இருக்கும் கயிறு. முதல் வீட்டுப் பிள்ளை கேட்பதையே விட்டுவிடுகிறது. இரண்டாவது வீட்டுப் பிள்ளைக்குக் கேட்பதைத் தவிர வேறு வழி தெரிவதில்லை. கேட்டும் வராத அன்றைக்கு அதன் கையில் ஒன்றுமே இல்லை. நொறுங்காமல் என்ன செய்யும்?

பொத்திப் பொத்தி வளர்ப்பதன் தீங்கு பெரிய விஷயங்களில் தெரிவதில்லை. இரவு பதினொன்றரை மணியில் தெரியும். மறுநாள் காலையில் கொடுக்கவேண்டிய செயல்முறைப் பாடம் பாதியில் நிற்கிறது. பையன் மேசைமேல் தலை சாய்ந்துவிட்டான். அம்மா கத்தரிக்கோலை எடுக்கிறார், அப்பா பசை தடவுகிறார், எழுத்துகூட அம்மாவின் கையெழுத்துதான், கொஞ்சம் கோணலாக்கி எழுதியது. மறுநாள் அதற்குப் பாராட்டு கிடைக்கிறது. இப்படி ஒரு பையன் என்னிடம் சொன்னது: "அது நல்லா இருந்துச்சு சார். ஆனா என்னோடது இல்லைன்னு எனக்குத் தெரியும்ல." முடிக்காமல் எடுத்துக்கொண்டு போயிருந்தால் பத்து மதிப்பெண் போயிருக்கும். அந்தப் பத்து மதிப்பெண்ணுக்குப் பதிலாக, "நானாகச் செய்தால் தேறாது" என்பதை அன்பாக, ஒரு வார்த்தை பேசாமல், அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள்.

இதில் பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. தனியாகச் செய்து பார்க்கும் வாய்ப்பு எங்கும் சுருங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1971இல் ஏழெட்டு வயதுக் குழந்தைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர்கள் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். பாதையைத் தானே கண்டுபிடிப்பது, விளையாட்டில் சண்டைபோட்டுத் தானே சமாதானமாவது, விழுந்து முட்டி தேய்ந்து தானே எழுந்துவருவது என்று யாரும் நடத்தாமலே நடந்துகொண்டிருந்த வகுப்புகள் அவை. சாலைகள் மாறின, வாகனங்கள் பெருகின, குழந்தையைத் தனியே விடும் பெற்றோரை மற்றவர்கள் பார்க்கும் பார்வையும் மாறியது. ஒரு குடும்பம் தனியாக நின்று இதைத் திருப்பிவிட முடியாது.

அப்புறம் பாராட்டு. கலிஃபோர்னியாவில் 1986இல் சுயமதிப்பை வளர்ப்பதற்கென்றே அரசு ஒரு குழுவை அமைத்தது. பிள்ளைகளுக்குத் தங்களைப்பற்றி நல்ல எண்ணம் வந்துவிட்டால் படிப்பு, ஒழுக்கம் எல்லாம் தானே வரும் என்பது கணக்கு. ராய் பாமைஸ்டரும் மூவரும் 2003இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசியபோது கணக்கு தலைகீழாக இருந்தது. நன்றாகச் செய்கிறவர்களுக்குச் சுயமதிப்பு வருகிறது, சுயமதிப்பை ஏற்றிவிடுவதால் யாரும் நன்றாகச் செய்துவிடுவதில்லை. 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் ட்வெக்கும் வெளியிட்ட சோதனைகளில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட குழந்தைகள், "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்டவர்களைவிட, கடினமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். தங்கள் மதிப்பெண்ணை மற்றவர்களிடம் கூட்டிச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் உழைப்பைப் பாராட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அதை ஒரு மந்திரமாக்கியது பின்னால் வந்தவர்களின் மிகை. பெரிய அளவில் செய்து பார்த்தபோது பலன் சிறியதாகவே இருந்தது.

இதைவிட எனக்கு உபயோகமானது எடி பிரம்மல்மன் குழுவின் 2015 ஆய்வு. நெதர்லாந்தில் 565 குழந்தைகளையும் பெற்றோரையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொடர்ந்து பார்த்தார்கள். "என் பிள்ளை மற்ற பிள்ளைகளைவிட ஒசத்தி" என்று நினைக்கும் பெற்றோரின் பிள்ளைகளிடம் தற்பெருமை வளர்ந்தது. பாசத்தை வெளிப்படையாகக் காட்டிய பெற்றோரின் பிள்ளைகளிடம் வளர்ந்தது தற்பெருமை அல்ல, சுயமதிப்பு. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமே என்று வருந்துகிற பெற்றோரிடம் இதைத்தான் சொல்வேன்: பாசம் யாரையும் கெடுக்கவில்லை, குறைக்காதீர்கள்.

ஏனென்றால் பலர் நேரே எதிர்முனைக்குப் போய்விடுகிறார்கள். "எங்களை அடித்து வளர்த்தார்கள், நாங்கள் நன்றாகத்தானே இருக்கிறோம். கஷ்டம் தெரிந்தால்தான் புத்தி வரும்" என்கிறார்கள். அடியைப்பற்றி ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே குரலில் பேசுகின்றன. ஐம்பது ஆண்டு ஆய்வுகளை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களோடு தொகுத்து 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ குரோகன்-கெய்லர் இருவரும் வெளியிட்டார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் மனநலப் பிரச்சினைகளும்தான் அதிகமாக இருந்தன. கஷ்டத்தைப் பொறுத்தவரை விஷயம் கொஞ்சம் நுட்பமானது. 2010இல் மார்க் சீரி குழுவினர் அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்தார்கள். வாழ்க்கையில் துன்பமே பார்க்காதவர்களைவிடவும், துன்பத்திலேயே முங்கியவர்களைவிடவும், ஓரளவு பார்த்தவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். ஓரளவு என்பதுதான் சாரம். அந்த ஓரளவை நாம் தயார்செய்து ஊட்டவேண்டியதில்லை, வாழ்க்கை தானாகவே கொண்டுவந்து கொடுக்கும். வழியில் நின்று மறிக்காமல் இருந்தால் போதும்.

துன்பத்தில் முங்கியும் தேறியவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதற்கு எமி வெர்னரின் ஆய்வைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை நாற்பது வயதுவரை தொடர்ந்தார்கள். வறுமை, குடிகாரத் தகப்பன், குடும்பச் சண்டை என்று எல்லாம் சேர்ந்து அழுத்திய குழந்தைகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பொறுப்பும் நிதானமும் உள்ளவர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று, எது நடந்தாலும் தன் பக்கம் நின்ற ஒரு பெரியவர். பெற்றோராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை, பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ யாரோ ஒருவர். இன்னொன்று, வீட்டில் அவர்களை நம்பி ஒரு வேலை இருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, வீட்டைக் கவனிப்பது மாதிரி. அவர்கள் செய்யாவிட்டால் நடக்காத வேலை.

இந்த இரண்டாவதைத்தான் நாம் முழுக்க விட்டுவிட்டோம். "நீ படி, அது போதும்" என்று சொல்கிறோமே, அதைத் தியாகம் என்று நினைத்துச் சொல்கிறோம். பிள்ளையின் காதில் எப்படி விழுகிறது? இந்த வீட்டில் உன்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, நீ வெறும் முதலீடு என்று விழுகிறது. தன்னால் யாருக்கும் உபயோகமில்லை என்று உள்ளுக்குள் நினைக்கிறவனுக்கு, தன் மதிப்பைத் தெரிந்துகொள்ள இருக்கும் ஒரே வழி, மற்றவர்கள் தனக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று அளந்துபார்ப்பதுதான். பொழுதுபோக்காகக் கொடுக்கும் வேலையும் உதவாது. பையன் செய்ததைப் பின்னால் போய் நீங்கள் திரும்பச் செய்வீர்கள் என்றால் அது வேலையே இல்லை. மாதம் வரும் ஒரு கட்டணத்தைக் கட்டுவது, பாட்டியை மருத்துவரிடம் கூட்டிப்போய் வருவது, வாரத்தில் ஒரு நாள் சமையல் முழுவதும் என்று ஏதாவது ஒன்று. அவன் மறந்தால் வீடே அதை உணரவேண்டும்.

போனைப்பற்றிக் கேட்டீர்கள். ஆய்வாளர்களே இதில் இரண்டு கட்சி. ஏமி ஓர்பன், ஆண்ட்ரூ பிரிஸ்பில்ஸ்கி இருவரும் 2019இல் பெரிய தரவுகளை வைத்துப் பார்த்தபோது, இளையோரின் மனநல வேறுபாட்டில் திரைப் பயன்பாட்டின் பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம்தான் என்றார்கள். சமூக உளவியலாளர் ஜோனதன் ஹைட் போன்றவர்கள் கடுமையாக மறுக்கிறார்கள். என் ஆலோசனை அறையில் நான் பார்ப்பது இவ்வளவுதான்: வருத்தமோ சலிப்போ வந்தால், அதோடு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டிய அவசியமே இன்றைய பிள்ளைக்கு வருவதில்லை. விரலை நகர்த்தினால் போதும், வெளியேறிவிடலாம். நமக்கும் அப்படித்தான்.

இனி, 'இல்லை' சொல்வது. பதினைந்து வயதுக்காரனைப் பள்ளி அணியில் எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வந்ததும் பையைத் தூக்கி எறிகிறான். "அப்பா, நீங்க கோச்கிட்ட பேசுங்க. அவனைவிட நான் நல்லா ஆடறேன்." இந்த இடத்தில் பெரும்பாலான வீடுகளில் இரண்டே பதில்கள்தான். ஒன்று, "இரு, நான் பேசிக்கறேன்." இன்னொன்று, "இதுக்குப் போயா அழற? விடு, வேற வேலையைப் பாரு." முதலாவது அவன் கையிலிருந்து காரியத்தைப் பிடுங்குகிறது, இரண்டாவது அவன் வருத்தத்தைப் பிடுங்குகிறது. மூன்றாவதாக ஒன்று உண்டு, கொஞ்சம் கஷ்டம். "ரொம்ப ஆசைப்பட்டே இல்ல. கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, வேறு எதுவும் செய்யாமல் இருப்பது. முகம் வாடியிருக்கட்டும். சாப்பாடு வேண்டாம் என்றால் ஒரு வேளை போகட்டும். மறுநாள், "கோச்கிட்ட என்ன குறைன்னு நீயே கேட்டுப் பாரேன். எப்படிக் கேக்கறதுன்னு வேணா சேர்ந்து யோசிக்கலாம்" என்று சொல்லலாம். போவது அவன்தான், நீங்கள் இல்லை.

பெற்றோர் மாறினாலே பிள்ளை மாறும் என்பதற்குச் சோதனைச் சான்று இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு, பதற்ற நோய் உள்ள 124 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்குக் குழந்தைக்கே சிகிச்சை. மறுபாதியில் குழந்தையைச் சிகிச்சைக்கே கூப்பிடவில்லை, பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. குழந்தை பயப்படுவதையெல்லாம் தாங்களே விலக்கிக் கொடுப்பதை எப்படி நிறுத்துவது, நிறுத்தும்போது "உனக்குக் கஷ்டமாக இருக்கிறது, உன்னால் தாங்க முடியும்" என்பதை எப்படிச் சொல்வது என்பதுதான் பாடம். 2020இல் வெளியான முடிவின்படி, இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே அளவு தேறின.

இதற்கு மாறாக, மனஉறுதியை வகுப்பெடுத்துச் சொல்லித்தரும் முயற்சிகள் அவ்வளவாகப் பலிக்கவில்லை. பிரிட்டனில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குப் பள்ளியிலேயே மனக்கவனப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான வகுப்புகளைவிட அதனால் கூடுதல் பலன் இல்லை என்று 2022இல் முடிவு வந்தது. பல மாணவர்களுக்கு அது சலிப்பாக இருந்ததாம், ஆச்சரியமில்லை. சாதாரண வருத்தத்தையும் நோயின் பெயரால் அழைக்கப் பழக்கிவிட்டோமோ என்று உளவியலாளர் லூசி ஃபோக்ஸ் போன்றவர்கள் கேட்கிறார்கள். தேர்வுக்கு முன் வயிறு கலங்கினால் 'ஆங்ஸைட்டி', நண்பன் பேசாவிட்டால் 'ட்ராமா' என்று சொல்லும் பிள்ளைகளை நானும் பார்க்கிறேன். திருத்தி வாதாடாதீர்கள். "என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்டால் பெயர் தானாக உதிர்ந்து விஷயம் வெளியே வரும்.

ஆனால் எல்லாவற்றையும் தொட்டாச்சிணுங்கித்தனம் என்று தள்ளிவிடவும் கூடாது. 10 முதல் 19 வயதுக்குட்பட்டவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் சோகம், விரும்பியதிலெல்லாம் விருப்பம் போவது, தூக்கமும் பசியும் தலைகீழாவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, இருந்து என்ன பயன் என்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் மேலே சொன்ன எதையும் முயன்று பார்க்கவேண்டாம், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். சாவைப்பற்றிப் பேசினால் அன்றைக்கே. நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேளுங்கள்.

பெரியவனின் மேலதிகாரி ஒரு குறை சொன்னதற்கு அவன் ராஜினாமா எழுதத் தொடங்கிவிட்டான் என்றீர்கள். குறை சொல்கிற விதத்திலும் விஷயம் இருக்கிறது. 2014இல் டேவிட் யேகர் குழு வெளியிட்ட ஓர் ஆய்வில், அமெரிக்க ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளை ஆசிரியர்கள் நன்றாகத் திருத்திக் கொடுத்தார்கள். பாதிப் பேரின் தாளில், "உன்னிடம் நான் நிறைய எதிர்பார்க்கிறேன், உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும், அதனால்தான் இந்தக் குறிப்புகள்" என்று ஒரு சீட்டு. விருப்பமிருந்தால் திருத்தி எழுதலாம் என்றார்கள். கறுப்பின மாணவர்களில், வெறும் பொதுவான சீட்டு கிடைத்தவர்கள் 17 சதவீதம் பேர் திருத்தினார்கள். இந்தச் சீட்டு கிடைத்தவர்கள் 72 சதவீதம். குறையில் ஒரு வரியைக்கூடக் குறைக்கவில்லை. மேலதிகாரியை நீங்கள் மாற்ற முடியாது. வீட்டில் உங்கள் மகனிடம் குறை சொல்லும்போது அந்த ஒரு வரியைச் சேர்த்துப் பார்க்கலாம். ராஜினாமா பற்றி, "அனுப்பறதுன்னா அனுப்பு. ரெண்டு நாள் வச்சிருந்து அனுப்பு" என்பதற்கு மேல் நான் எதுவும் சொல்லமாட்டேன்.

இருபத்து மூன்று வயதில் இனிமேல் முடியுமா என்றால், முடியும். கவாயில் பதின்வயதில் தடம் புரண்டவர்களில் பலர் இருபதுகளிலும் முப்பதுகளிலும், ஒரு வேலையோ திருமணமோ கிடைத்த பிறகு, தேறிவந்ததை வெர்னர் பதிவு செய்திருக்கிறார். நீங்கள் செய்யவேண்டியது ஒரு தாளை எடுத்து, அவனுக்காக இன்னும் நீங்கள் செய்துகொண்டிருப்பவற்றை எழுதுவது. காலையில் எழுப்புவது, வங்கிப் படிவம் நிரப்புவது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, தொலைந்த அடையாள அட்டைக்கு அலைவது. ஒவ்வொன்றாக ஒப்படையுங்கள். கோபத்தில் ஒரே நாளில் கைகழுவுவது வேறு, அது தண்டனை. முன்கூட்டியே சொல்லுங்கள்: "அடுத்த மாசத்திலிருந்து இது உன் வேலை. புரியலைன்னா கேளு, சொல்லித்தரேன். செய்ய மாட்டேன்." முதல் தடவை கெடு தேதியைத் தவறவிடுவான். அபராதம் வரும், அவனே கட்டட்டும். அந்தத் தொகையை அவனுக்குத் தெரியாமல் அவன் கணக்கில் போட்டுவிடாதபடி ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்வது உங்கள் இருவரின் பாடு.